கழி போகிற ஜன்னல்

சமையலறைச் சுவரில் ஜன்னல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி இல்லை, சட்டம் இல்லை. நாலு ஓரமும் சிமெண்ட் பெயர்ந்துபோன ஒரு பெரிய ஓட்டை மட்டும். அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் கிளமெண்டியின் வானம், எதிர் பிளாக், ஒன்பது மாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடம். காற்று நேராக உள்ளே வந்து காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பின்னாடி போங்க! இன்னும் பின்னாடி!" என்று கத்தினார் முருகேசன். ஜன்னல் மாட்ட வந்தவர். அவர் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிறு எங்கள் வீட்டு இரும்புக் கதவில் கட்டியிருந்தது.

நான் பின்னால் போகவில்லை. என் கையில் ஒன்பதடி மூங்கில் கழி இருந்தது.

"கழிய வச்சிட்டு ஹாலுக்குப் போங்கக்கா. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"கழி எந்த இடத்துல வெளிய போகும்னு சுவத்துல கோடு போட்டுக் காட்டிட்டுப் போறேன். சட்டத்த மாட்டின பிறகு பேசி என்ன பிரயோஜனம்?"

என் மகன் ஆல்பர்ட் ஹாலில் நின்று இதைப் பார்த்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டு அன்றோடு பல நாட்கள் ஆகியிருந்தன.

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் குணம் கொஞ்சம் பழகியிருக்கும். இன்று புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரெஜினா. வயது அறுபத்து மூன்று. லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். கணவர் இல்லை, ஒரே மகன். வலது மார்பை அறுவை செய்து எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பாவம் பார்க்க நினைப்பவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

கழி என்றால் என்ன?

போன வாரம் கழியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து தெம்பனிஸில் குடியேறிய ஒரு பெண், "அது என்னங்க கழி? எங்க வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று கேட்டு எழுதியிருந்தார். உங்கள் வீடு புதுசு, அம்மா. எங்கள் வீடு பழசு.

பழைய பிளாக்குகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கொஞ்சம் கீழே, சுவரிலிருந்து மூன்று இரும்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஈரத்துணியை மூங்கில் கழியில் மாட்டி, கிளிப்புப் போட்டு, கழியை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, அடிமுனையைக் குழாயில் செருக வேண்டும். கழி கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்தபடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். துணி வெயிலில் காயும். அவ்வளவுதான்.

சொல்ல எளிது. ஈரத்துணியோடு ஒன்பதடிக் கழியை ஒரு முனையில் பிடித்து வெளியே நீட்டிப் பாருங்கள், தோள்பட்டை உங்களிடம் என்ன பேசுகிறது என்று தெரியும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. கனமானது அடியில், இலேசானது நுனியில். துண்டு, கைலி எல்லாம் குழாய்ப் பக்கம். ரவிக்கை, கைக்குட்டை எல்லாம் நுனிப் பக்கம். மாற்றிப் போட்டால் நுனி தாழ்ந்து மணிக்கட்டை முறுக்கிவிடும். பருத்திச் சேலை என்றால் எட்டாக மடித்து, கரை கீழே பார்க்கும்படி போட்டு, மூன்று கிளிப்பு. காற்று எக்ஸ்பிரஸ்வே பக்கமிருந்து வந்தால் நாலு.

மழை வந்தால் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா "ஹுஜான்! ஹுஜான்!" என்று கத்துவார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிளாக் முழுக்கக் கழிகள் உள்ளே போகும். எட்டாவது மாடிச் சீனப் பாட்டிக்கும் எனக்கும் பொதுவான மொழி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் கிளிப்பு விழுந்தால் எடுத்து வைத்துத் திருப்பித் தருவார். நானும் தருவேன்.

எனக்கு அறுவை நடந்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அதனால் வலது கை சட்டென்று வீங்கிக்கொள்ளும். "கனம் தூக்காதீங்க" என்றார் டாக்டர். ஆல்பர்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஆனால் கைப்பயிற்சி சொல்லித் தந்த பெண், "ஆன்ட்டி, சும்மா வச்சிருந்தா கை இறுகிடும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போங்க" என்றாள். இதை நான் பிடித்துக்கொண்டேன். ஒரே மருத்துவமனை, ஒரே வாரம். அவரவருக்குப் பிடித்ததை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

எட்டு மாத ரகசியம்

ஆல்பர்ட்டுக்குத் தெம்பனிஸில் வேலை. எம்ஆர்டி ரயிலில் தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும். காலையில் அவன் தலை மறைந்ததும் நான் கதவுக்குப் பின்னாலிருந்து கழியை எடுப்பேன்.

முதல் மாதம் வெறும் கழிதான். முதல் நாள் அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு ஒரு கைக்குட்டை. பிறகு இரண்டு. பிறகு ஒரு ரவிக்கை. ஒரு துண்டைச் சேர்ப்பதற்கு ஆறு வாரம் ஆனது. கை வீங்கினால் இரண்டு நாள் லீவு. கைக்கு மட்டும்தான் லீவு, எனக்கு இல்லை.

அவன் வருவதற்குள் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஹாலில் அவன் வாங்கிப் போட்ட மடக்கு ஸ்டாண்டில் இரண்டு ஈரத்துண்டைத் தொங்கவிடுவேன். அது அவன் மனநிம்மதிக்காக.

நான் குறிவைத்தது சேலையை. ஒரு முழுப் பருத்திச் சேலையை, பிழிந்த ஈரத்தோடு, அந்த ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டால் நான் தேறிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். ரிப்போர்ட் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். ரத்தப் பரிசோதனையில் என் பெயருக்கு எதிரே வரும் எண்களை நான் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. சேலையின் கனம் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு யாரும் வேண்டாம்.

நோயுற்றிருக்கும் ரெஜினா

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில், மன்றாட்டு நேரத்தில் நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார்கள். என் பெயரையும் சேர்த்தார்கள். சிகிச்சை நடந்த மாதங்களில், முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். அத்தனை பேர் எனக்காகக் குரல் கொடுப்பதைக் கேட்டு அழுதிருக்கிறேன். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் சிகிச்சை முடிந்தது. முடி முளைத்தது. முளைத்த முடிக்குச் சாயமும் அடித்தாயிற்று. என் பெயரை வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. "நோயுற்றிருக்கும் ரெஜினா அவர்களுக்காக" என்றதும் முன் வரிசைக்காரர்கள் மெல்லத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொல்லுவேன். எனக்காக நானே, சத்தமாக.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பெயர் வாசிக்கிற சூசை அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணே, லிஸ்டுலருந்து என் பேரை எடுத்துருங்க."

"ஜெபம் நல்லதுதானேம்மா? இருந்துட்டுப் போகட்டுமே."

"நல்லதுதான். வேற யாருக்காவது குடுங்க. க்யூ நீளமா இருக்கு."

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"நான் சொல்றேண்ணே."

அவர் மனசில்லாமல்தான் பெயரை அடித்தார். அடுத்த ஞாயிறு என் பெயர் வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாச்சு ரெஜினா, உன் பேரக் காணோமே!" என்று பதறினார்கள்.

கடையிலும் அப்படித்தான். நான் வேலையை விடுவதாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. மாலை, கேக், ஒரு பட்டுச்சேலை. "நீங்க ரெஸ்ட் எடுக்கணும்கா" என்று எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையைப் பீரோவில் அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்பாக இருப்பவர்களிடம் கோபப்படுவது கஷ்டமான வேலை. கோபம் இல்லாமல் போய்விடுவதில்லை, உள்ளே உட்கார்ந்துவிடுகிறது.

மைனாவும் நடுக்குழாயும்

ஜன்னல்களை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. நாங்கள் வீடு வாங்கி வந்த நாளிலிருந்து இருக்கிற அலுமினிய ஜன்னல்கள். கதவுகளைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் ரிவெட்டு ஆணிகள் அரித்துப்போய்விட்டன. சமையலறை ஜன்னலின் ஒரு கதவை நான் நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஜன்னல் பாதுகாப்பு பற்றி ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து ஆல்பர்ட் அந்தக் கயிற்றைப் பார்த்தானே ஒரு பார்வை!

நியாயம்தான். ஒன்பதாவது மாடியிலிருந்து கழன்று விழுந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. சமையலறையையும் புதுப்பிக்கிறோம், அதோடு ஜன்னல்களையும் மாற்றிவிடலாம் என்றான். சரி என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை முருகேசன் அளவெடுக்க வந்தார். மன்னார்குடிப் பக்கம். நாற்பதைத் தாண்டியவர். இங்கே வந்த நாளிலிருந்து ஜன்னல் வேலைதான். ஆல்பர்ட் அவருடைய கம்பெனியோடு முன்கூட்டியே எல்லாம் பேசி வைத்திருந்தான். அறைகளுக்குச் சறுக்கு ஜன்னல். சமையலறைக்கு மட்டும் "டாப் ஹங்". அதாவது மேலே கீல், அடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெளியே தள்ளும். மழை உள்ளே வராது. உட்புறம் நிரந்தரமாகக் கம்பி.

மழை வராது, சரி. கழி எப்படிப் போகும்?

நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசனே கேட்டுவிட்டார். "சார், வெளிய மூணு பைப் இருக்கு. டாப் ஹங் போட்டா கழி போகாது. பரவால்லயா?"

"நோ ப்ராப்ளம். ஒன் இயருக்கு மேல யாரும் யூஸ் பண்றதில்ல. அம்மாவால முடியாது" என்றான் ஆல்பர்ட், போனைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவால முடியாது. நான் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறேன்.

முருகேசன் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு பைப்புல மைனா குப்பையச் சேர்த்து வச்சிருக்கு சார். நடுவுல உள்ளது மட்டும் சுத்தமா இருக்கு. வாய்ப் பக்கம் தேஞ்சு பளபளன்னு இருக்கு. டெய்லி யாரோ போடுறாங்களே."

நான் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கனவே துடைத்த அடுப்பு.

"அம்மா?"

"ம்."

"நீங்க கழி போடுறீங்களா?"

"போடுறேன்."

"எப்பலருந்து?"

"எட்டு மாசமா."

ஆல்பர்ட் போனை மேசையில் வைத்தான். "அப்ப அந்த ஸ்டாண்டுல தொங்குற துண்டு?"

"அது உனக்காக."

முருகேசன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "நான் பெட்ரூம் பார்த்துட்டு வரேன்" என்று நழுவினார். அந்த மனிதர் தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்திருப்பார்.

"எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க" என்றான் ஆல்பர்ட்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீயும் கேக்கல."

"திஸ் இஸ் நாட் ஃபன்னி லா, அம்மா. ஈரத் துணியோட அந்தக் கழி உங்கள இழுத்துட்டுப் போச்சுன்னா? நைன்த் ஃப்ளோர். நான் தெம்பனிஸ்ல மீட்டிங்ல உட்கார்ந்திருப்பேன். யாரோ ஒருத்தர் எனக்கு போன் பண்ணுவாங்க." அவன் குரல் உடைந்தது. "ஒரு தடவ ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்தாச்சு. ஆறு மணி நேரம். இன்னொரு தடவ என்னால முடியாதுமா."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தப்பாகப் பேசுகிறவனை எதிர்த்துச் சண்டை போடலாம். சரியாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

"நான் விழுந்துருவேன்னு உனக்கு பயம். அது உன் பயம்" என்றேன். "அதுக்கு என் ஜன்னல ஏன் மூடுற?"

மூடி கழற்றிய பேனா

இந்த ஊரில் ஜன்னலை நினைத்தபடி பிடுங்கி மாட்டிவிட முடியாது. அனுமதிப் படிவம் உண்டு. அதில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். வீடு என் பெயரில் இருக்கிறது. கணவர் போன பிறகு என் பெயருக்கு மாற்றிய வீடு.

ஆல்பர்ட் படிவத்தையும் ஜன்னல்களின் வரைபடத்தையும் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அதன்மேல் ஒரு பேனா. மூடியைக் கழற்றி, கையில் எடுத்தவுடன் எழுதலாம் என்பதுபோல் வைத்திருந்தான். அவன் வேலைக்குப் போனதும் நான் பேனாவை மூடினேன். மறுநாள் காலை மூடி மறுபடியும் கழன்றிருந்தது. மறுபடியும் மூடினேன். நாலு நாள் இப்படியே போனது. வாயைத் திறந்தால், "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." அதோடு சரி.

இதுவரை எத்தனை படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் தெரியுமா? மருத்துவமனையில் மட்டும் ஒரு கட்டு. எங்கே விரல் வைத்துக் காட்டினார்களோ அங்கே போட்டேன். உடம்பை அறுப்பதற்கே கேள்வி கேட்காமல் போட்டவள், ஒரு ஜன்னலுக்கு இப்படி அடம் பிடிக்கிறாளே என்று அவன் நினைத்திருக்கலாம். அங்கே போட்டதால்தான் இங்கே போட முடியவில்லை. அங்கே எனக்கு வேறு வழி இல்லை. இங்கே இருந்தது.

ஐந்தாம் நாள் நானே முருகேசனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கழி போற மாதிரி ஒரு ஜன்னல் கிடையாதா?"

"இருக்கேக்கா. சார்தான் வேணாம்னாரு."

"சார் வீடு இல்ல தம்பி. என் வீடு."

"மத்தியானம் அந்தப் பக்கம் வேலை இருக்கு. வரேன்" என்றார்.

வந்தார். பழைய மாதிரியே வெளிப்பக்கம் திறக்கும் கதவு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் ஒரு அட்டையைக் கதவின் அளவுக்கு வெட்டி, நான் கழியைப் பிடித்து நிற்க, திறந்து காட்டினார். புதுச் சட்டம் தடிமன் என்பதால் கதவு பாதி திறந்ததும் கழியில் போய் இடித்தது. சரி, நான் நினைத்தது தப்பு. ஒத்துக்கொண்டேன். எப்போதும் நானே சரி என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஆல்பர்ட் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான், சிரிக்கட்டும்.

"மூணு கண்ணாடி வச்ச ஸ்லைடிங் போடலாம்கா. ரெண்டு பங்கு திறக்கும். ஒரு ஓரம் மூடித்தான் இருக்கும். அந்தப் பக்கத்துப் பைப்பு உங்களுக்கு இல்லாம போயிடும்."

"போகட்டும். மைனாவுக்கு இருக்கட்டும்."

"இன்னொண்ணு." அவர் கொஞ்சம் தயங்கினார். "சார் பயப்படுறதும் நியாயம்தானக்கா. எங்கம்மா இப்படி எட்டிப் பார்த்தா நானும் கத்துவேன். உள்பக்கம் குறுக்க ஒரு கம்பி போட்டுத் தரேன். உங்க நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ வரும். கழி அதுக்கு மேல போயிடும். கை வெளிய போகும். உடம்பு போகாது."

யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சாக ஆசையில்லை. இரண்டு வருடமாக அதற்காகத்தானே இவ்வளவு பாடு.

"கம்பி போடுங்க" என்றேன்.

வரைபடத்தில் டாப் ஹங்கை அடித்துவிட்டுப் புதிதாக வரைந்தார். நான் பேனாவை வாங்கி, ஜன்னலின் நடுவிலிருந்து வெளியே ஒரு நீளக் கோடு போட்டு, அதன்மேல் "இங்கே கழி போக வேண்டும்" என்று எழுதினேன்.

"எங்க ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சவங்க இல்லக்கா."

"நீங்க படிச்சுச் சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ரெஜினா என்று முழுப் பெயரும், அடியில் ஒரு கோடும்.

அன்று வேலையிலிருந்து வந்து ஆல்பர்ட் அதை நின்றபடியே படித்தான். "ஃபைன்" என்றான். அந்த ஒரு வார்த்தையை எப்படியெல்லாம் சொல்லலாம் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். இது கதவைச் சாத்துகிற மாதிரியான ஃபைன்.

பெல்ட் கட்டிய நைட்டி

மறுபடியும் அந்த ஓட்டைக்கு முன்னால் வருகிறேன்.

ஜன்னல் இல்லாத சமையலறையில் நின்றது அதுதான் முதல் தடவை. நைலான் கயிற்றோடு பழைய கதவு ஹாலில் படுத்திருந்தது. எத்தனையோ வருடம் அந்தக் கதவு வழியாகப் பார்த்த எதிர் பிளாக், இப்போது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

நான் நகரப் போவதில்லை என்று முருகேசனுக்குத் தெரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டு, தன் பையிலிருந்து இன்னொரு பெல்ட்டை எடுத்தார். "இதக் கட்டிக்கிட்டு வாங்க. இல்லன்னா நான் வேலைய நிறுத்திருவேன்."

பூப்போட்ட நைட்டி, அதன்மேல் கட்டுமானத் தொழிலாளியின் பாதுகாப்பு பெல்ட், முதுகில் கயிறு, கையில் கழி, காதில் பென்சில். சேலைக்கடையில் என்னைப் பார்த்தவர்கள் அன்று பார்த்திருக்க வேண்டும்.

கழியை நீட்டினேன். நடுக்குழாயில் செருகினேன். கழி சுவரைத் தாண்டும் இடத்துக்கு நேராக, உட்பக்க ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். "இதுக்கு நேரா கண்ணாடி நிக்கக் கூடாது. திறந்தா முழுசா திறக்கணும்."

"சரிங்கக்கா."

"கம்பி இதுக்குக் கீழ."

"சரிங்கக்கா. இப்ப ஹாலுக்குப் போறீங்களா?"

இப்போது போனேன்.

சேலை

ஓரத்தில் பூசிய பசை காய வேண்டும், சில நாள் ஜன்னலை அசைக்காதீர்கள் என்று முருகேசன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை, ஆல்பர்ட் வீட்டில் இருக்கும்போதே, மஞ்சள் சுங்குடிச் சேலை ஒன்றை அலசிப் பிழிந்தேன். ஒளித்துச் செய்த காலம் முடிந்துவிட்டது.

அவன் காபியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான். நான் கழியை எடுக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றான். நான் சேலையை எட்டாக மடித்தேன், கரையைச் சரிசெய்தேன், கிளிப்புப் போட்டேன். புது ஜன்னலைத் தள்ளினேன். அது ஒரு விரலுக்கே நகர்ந்தது, அதை மட்டும் முருகேசனுக்கு நன்றியோடு எழுதுகிறேன்.

முதல் தடவை நுனி தாழ்ந்தது. உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆல்பர்ட் ஓரடி முன்னால் வந்தான்.

"தொடாத" என்றேன்.

இரண்டாம் தடவை கழி கம்பியில் இடித்து வழுக்கியது. அக்குளில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. மூச்சு வாங்கியது. "அம்மா, ப்ளீஸ்" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் முகத்துக்காக விட்டிருப்பேன்.

மூன்றாம் தடவை நெஞ்சைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி, நீட்டி, இறக்கினேன். அடிமுனை குழாய்க்குள் போனது. சேலை ஒருமுறை சுருண்டு, பிறகு காற்றில் விரிந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் கை வீங்கியது, மூன்று நாள் கையில் இறுக்கமான அழுத்த உறை போட வேண்டியிருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எட்டு மாதமாக நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் தேறிவிட்டேன். சூசை அண்ணன் வேண்டுமானால் வந்து பார்க்கட்டும்.

ஆல்பர்ட் திரும்பிப் போனான். வாஷிங் மெஷின் திறக்கும் சத்தம் கேட்டது. அவனுடைய ஆபீஸ் சட்டைகள் நாலையும் ஈரத்தோடு ஒரு கூடையில் போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான்.

"இதையும் போட்டுருங்க லா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அறுவைக்குப் பிறகு அவன் தன் துணியை என்னிடம் கொடுத்ததே இல்லை. எல்லாம் அவனே மெஷினில் போட்டு, காயவைக்கக் கீழே லாண்டரிக் கடைக்குக் கொண்டுபோவான். இப்போது கொண்டுவந்து வைக்கிறான் என்றால், அவனுக்குத் தெரிந்த வழியில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் எழுந்து நின்றேன்.

"உன் சட்ட. நீயே போடு."

"எனக்குத் தெரியாதேமா."

"முப்பத்து நாலு வயசாச்சு. கத்துக்க."

கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கழியை எடுத்துக் கொடுத்தேன். திறக்கிற பக்கத்துக் குழாயில் இருந்த மைனாக் குப்பையை முருகேசன் அன்றே எடுத்துவிட்டிருந்தார். முதலில் எல்லாச் சட்டையையும் நுனியில் மாட்டினான். கழற்றச் சொன்னேன். காலரைப் பிடித்து மாட்டினான். அதையும் கழற்றச் சொன்னேன். திட்டிக்கொண்டே மாட்டினான். ஒருவழியாகக் கழியைத் தூக்கி வெளியே நீட்டினான்.

அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். என் நெஞ்சுக்குக் கீழே வரும் கம்பி அவனுக்கு வயிற்றுக்குத்தான் வந்தது. குழாய் தெரியவில்லை என்று எட்டிக் குனிந்தான். அவன் குதிகால் இரண்டும் தரையிலிருந்து எழும்பின. அவன் தலைக்கு அந்தப் பக்கம் ஒன்பது மாடி.

யோசிக்கவில்லை. வீங்கப்போகிற அந்தக் கையாலேயே அவன் டிஷர்ட்டின் முதுகைக் கொத்தாகப் பிடித்தேன்.

"அம்மா, பயமா இருக்கா?" என்றான் அவன், திரும்பாமல்.

"இல்ல."

"அப்புறம் ஏன் புடிச்சிருக்கீங்க?"

"பேசாம போடு" என்றேன்.

கழி குழாயில் இறங்குகிற சத்தம் கேட்கும்வரை நான் விடவில்லை.